மூன்று மாதத்துக்கு ஒரு அம்பூல்

தோல் பிரிவு டாக்டரம்மாதான் என்னை எழுதச் சொன்னார். வெளியே பெஞ்சில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் படிக்கட்டும் என்றார். முழுசாகக் குணமான ஆள் எழுதியது என்று நினைத்துப் படிக்காதீர்கள். இன்னும் உடம்பெல்லாம் செதில்தான். உயிர் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரைதான் படிப்பு. எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் பிள்ளைச்சாவடி, தொழில் கடல். பைபர் போட்டில் போகிற ஐந்து பேரில் ஒருவன். போட் என் மச்சானுடையது, அதாவது என் வீட்டுக்காரியின் அண்ணனுடையது. ஆறு வருடத்துக்கு முன்னால் முழங்கையில் எட்டணா அளவுக்கு ஒரு சிவப்பு வந்தது, அதன் மேல் வெள்ளைப் பொருக்கு. சொறிந்தால் பொருக்கு உதிரும், அடியில் ரத்தம் துளிர்க்கும். உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். உப்புத் தண்ணீர் படாமல் நான் எந்த வேலைக்குப் போவது? முழங்கையில் ஆரம்பித்தது முதுகு, கால், தலை என்று ஊர்ந்து போனது. அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா ஒரே பார்வையில் சோரியாசிஸ் என்று சொல்லிவிட்டார்.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். நல்ல தோலில் பழைய தோல் உதிர்ந்து புதுத் தோல் மேலே வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நமக்கு அது சில நாளிலேயே வந்துவிடுகிறது. மில்லில் முதல் ஷிப்டு வீட்டுக்குப் போவதற்குள் அடுத்த இரண்டு ஷிப்டும் உள்ளே வந்து நின்றால் எப்படி இருக்கும், அப்படித்தான் தோல் குவிகிறது என்றார். உடம்பைக் காவல் காக்கிற அணுக்களே தோலைத் தப்பாக முடுக்கிவிடுவதால் வருகிற வேலை இது. தொட்டால் ஒட்டாது. சேர்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது.

ஒட்டாது என்பதை நான் எலெக்‌ஷனுக்கு ஓட்டு கேட்பதுபோல் ஊர் முழுக்கச் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் போட்டில் சோறு ஒரே அலுமினியக் குண்டானில்தான் போகும். ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து அதிலேயே கைவிட்டுச் சாப்பிடுவோம். சண்டை போட்டவன்கூட அந்த நேரத்தில் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். ஒரு நாள் குண்டான் பக்கத்தில் புதுசாக ஒரு தட்டு இருந்தது. மச்சான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தன் என் பங்குச் சோற்றை அந்தத் தட்டில் எடுத்து வைத்தான். சாப்பிட்டேன். அழவில்லை, ஆனால் அன்றைக்குத் தின்ற மீனுக்கு ருசி இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் முழுக்கைச் சட்டை, பேன்ட், தலையில் துண்டு, கழுத்தில் இன்னொரு துண்டு என்று உடம்பை மூடிக்கொண்டுதான் கடலுக்குப் போனேன். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். அதனால் நடந்த கூத்து என்னவென்றால், டாக்டரம்மா ரத்தம் பரிசோதித்துவிட்டு எனக்கு வைட்டமின் டி குறைவாக இருக்கிறது என்றார். அது வெயில் பட்டால் தோலே தயாரித்துக்கொள்கிற சத்தாம். முப்பது வருடம் வெயிலிலேயே கிடந்தவனுக்கு வெயில் சத்து குறைவு என்றால் சிரிப்பு வராதா? டாக்டரம்மா சிரிக்கவில்லை. சோரியாசிஸ் இருக்கிற பல பேருக்கு இது குறைவாகத்தான் இருக்கிறது, குறைவதால் நோய் வருகிறதா, நோய் வந்ததால் உங்களைப் போல மூடிக்கொண்டு குறைகிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார்.

மருந்து இரண்டு கொடுத்தார். ஒன்று பூசுகிற களிம்பு. அதுவும் வைட்டமின் டி இனம்தான், தோலுக்கென்றே மாற்றிச் செய்தது. அவசரமாக வளர்கிற தோலிடம் போய் நிதானமாக வளரச் சொல்கிற மருந்து என்றார். வாரத்துக்கு இவ்வளவுதான் பூசலாம், அதற்கு மேல் பூசினால் ரத்தத்தில் கலந்துவிடும் என்று எச்சரித்தார். இன்னொன்று பாலில் கலந்து குடிக்கிற பொடிப் பாக்கெட். வாரம் ஒன்று, மொத்தம் எட்டு. அது உடம்பில் இருக்கிற குறையை நிரப்பத்தான், சோரியாசிசை அதுவே ஆற்றும் என்று எண்ண வேண்டாம் என்றும் சொன்னார். சத்தியமாகச் சொன்னார். எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

எட்டு வாரத்தில் முதுகு தட்டையானது. முழங்கை வெளிறியது. வேலை செய்தது களிம்பு, பெயர் வாங்கிக்கொண்டது பாக்கெட். எனக்கு அந்தப் பொடியின் மேல் பக்தியே வந்துவிட்டது. எட்டும் முடிந்ததும் இன்னும் வேண்டும் என்று போய் நின்றேன். மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு, அளவு சரியாகிவிட்டது, இனிமேல் களிம்பு மட்டும் போதும் என்றார். எனக்கு ஆத்திரம். நல்லது கொடுக்கிற கையை இழுத்துக்கொள்கிறார்கள் என்று வீட்டில் வந்து கத்தினேன்.

இங்கே என் வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கருவடிக்குப்பத்தில் ஒரு சொல்தா வீட்டில் வேலை செய்கிறாள். பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். முசே, அதாவது அந்த வீட்டு ஐயா, செத்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் மனைவி மதாம் மட்டும் தனியாக இருக்கிறார். முசே இருந்த காலத்தில் பிரான்சிலிருந்து வருகிற பிள்ளைகள் பெட்டி பெட்டியாக மருந்து கொண்டுவந்து அடுக்குவார்கள். அவர் போன பிறகும் அவருடைய அலமாரியை மதாம் காலி செய்யவில்லை. அதைத் துடைத்து வைப்பது என் வீட்டுக்காரியின் வேலை.

நான் கத்திய மறுநாள் சாயங்காலம் முந்தானையில் முடிந்து இரண்டு கண்ணாடிக் குப்பி கொண்டுவந்தாள். அந்த வீட்டில் அதை அம்பூல் என்பார்கள். இரண்டு பக்கமும் கூராக இருக்கும், நுனியை உடைத்துத் தண்ணீரில் ஊற்றிக் குடிக்க வேண்டும். முசேவுக்கு மதாம் அப்படிக் கொடுப்பதை அவள் பார்த்திருக்கிறாள். மேலே வைட்டமின் டி என்பது மட்டும் என்னால் படிக்க முடிந்தது. மற்றதெல்லாம் பிரெஞ்சு. பிரான்ஸ் மருந்து! இங்கே வாரம் ஒரு பாக்கெட் என்றால் அதுவும் வாரம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நாங்களே முடிவு செய்தோம். கேட்டுத்தான் எடுத்தாயா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று தெரியும். கேட்காமல் குடித்ததுதான் இதில் என் பங்கு.

வாரம் ஒன்று என்று ஆரம்பித்தவன் வாரம் மூன்று என்று ஆனேன். அவளும் அந்த அலமாரியிலிருந்து கொண்டுவந்துகொண்டே இருந்தாள். ஆடி மாதத் திருவிழாவுக்குள் தோல் சுத்தமாகிவிட்டால் அந்தத் தட்டைக் கடலில் வீசிவிடலாம் என்று ஒரு கணக்கு. கடைசிப் பத்து நாள் தினம் ஒன்று. பற்றாததற்குச் சத்து சேரட்டும் என்று மெடிக்கலில் கால்சியம் மாத்திரையும் வாங்கி விழுங்கினேன். வியாதி வந்தவனுக்குப் புத்தி போகும் என்பார்களே, எனக்கு முன்கூட்டியே போய்விட்டது.

முதலில் வந்தது தாகம். சொம்பு சொம்பாகக் குடித்தாலும் நாக்கு ஒட்டும். குடித்த தண்ணீர் எல்லாம் சிறுநீராகப் போகும். பிறகு மலம் இறுகியது, சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. ஒரு நாள் கடலில் ஐந்து பேருக்கும் வைத்திருந்த கேன் தண்ணீரை நான் ஒருவனே காலி செய்துவிட்டேன். மச்சான் திட்டவில்லை, என் முகத்தையே பார்த்தார். வலை இழுக்கக் குனிந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. போட்டைத் திருப்பினார்கள். அன்றைக்கு வலையை அறுத்துவிட்டு வந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

இனிமேல் சொல்வதில் பாதி என் வீட்டுக்காரி சொல்லிக் கேட்டது. எனக்கு அப்போது நாள், கிழமை தெரியவில்லை. வார்டில் பக்கத்துக் கட்டில்காரரை மச்சான் என்று நினைத்து, இஞ்சினை நிறுத்தச் சொல்லிக்கொண்டே இருந்தேனாம்.

ரத்தத்தில் கால்சியம் தாறுமாறாக ஏறியிருந்தது. எலும்புக்குப் போக வேண்டிய சுண்ணாம்புச் சத்து ரத்தத்தில் கிடந்தால், சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாமல் விட்டுவிடும். அதனால்தான் அந்தத் தாகம். போர் தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தில் அடியில் வெள்ளையாகப் பிடிக்குமே, அதுபோல சிறுநீரகத்திலும் பிடித்து அதைக் கெடுத்துவிடும். என்னுடையது ஏற்கெனவே பாதிக்கு மேல் வேலை நிறுத்தம் செய்திருந்தது. சலைன் பாட்டில் ஒன்று மாற்றி ஒன்று ஏறியது. மூத்திரத்துக்குக் குழாய் போட்டார்கள். ஒவ்வொரு மணி நேரமும் பையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று என் வீட்டுக்காரி குனிந்து பார்ப்பாளாம். அன்றைக்கு அவள் சாமி கும்பிட்டதே அந்தப் பையைப் பார்த்துத்தான்.

ஆனால் கால்சியம் ஏன் ஏறியது? அதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. வேறு மாத்திரை, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாயா என்று கிட்னி டாக்டர் முதல் நாளே கேட்டார். அப்போது எனக்கு ஓரளவு நினைவு இருந்தது. இல்லை என்றேன். களிம்பையும் எப்போதோ குடித்த எட்டுப் பாக்கெட்டையும் மட்டும் சொன்னேன். அம்பூலை நான் மருந்தாகவே நினைக்கவில்லை, சத்துதானே? அதோடு, அதைச் சொன்னால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அவளுக்கு வேலை போகும், பெயர் போகும். அவளும் பக்கத்தில் நின்று, ஒன்றும் இல்லை சார் என்றாள்.

நாங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு என்ன ஆனது தெரியுமா? மண்டை ஓடு முதல் கால் வரை எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு ஸ்கேன், வயிற்று ஸ்கேன். காசநோய் இருக்கிறதா என்று சளி வாங்கினார்கள். கழுத்தில் ஒரு சுரப்பி கெட்டால் இப்படி ஆகுமாம், அதையும் பார்த்தார்கள். கடைசியில் ரத்தப் புற்று மாதிரி ஒன்று எலும்பைத் தின்றாலும் இப்படி ஆகும், அதனால் இடுப்பு எலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுக்க வேண்டும் என்றார்கள். ரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு என்ற பரிசோதனையும் அனுப்பியிருந்தார்கள், அது வர இன்னும் நாளாகும். சிறுநீரகம் மசிகிற மாதிரி இல்லாததால் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும் என்று கையெழுத்துக் கேட்டார்கள்.

கையெழுத்துப் போடுகிற மேஜையில்தான் அவள் வாயைத் திறந்தாள். என் மச்சானும் அங்கே நின்றார். அண்ணன் எதிரில் சொல்ல வேண்டியிருந்தது.

"சார், அவரு பிரான்சு வைட்டமின் டி அம்பூலு குடிச்சாரு. நான்தான் கொண்டாந்து குடுத்தேன். வேல செய்யிற வூட்டுலேருந்து சொல்லாம எடுத்தாந்தேன்."

டாக்டர் திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எத்தன?" என்று மட்டும் கேட்டார்.

"இருவத்திரெண்டு."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று உடனே தெரிய வேண்டும், பெட்டியையோ உள்ளே இருக்கிற காகிதத்தையோ கொண்டு வா என்றார்.

குடித்த பெட்டிகளை அவள் என்றைக்கோ குப்பையில் போட்டிருந்தாள். அதனால் கருவடிக்குப்பம் போக வேண்டியிருந்தது. கூட வருகிறேன் என்று அண்ணன் சொன்னதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் தனியாகப் போனாள். அந்த வீட்டுக்கு அவள் பன்னிரண்டு வருடமாகப் போகிறாள். பின்கட்டு வழியாகத்தான் நுழைவாள். அன்றைக்கு வாசலில் நின்று மணி அடித்தாளாம். நடந்ததைச் சொன்னாள். மதாம் எழுந்து போய் அலமாரியைத் திறந்து, மிச்சம் இருந்த பெட்டியை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தச் சின்னக் காகிதத்தைப் படித்தார். படித்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணு மாசத்துக்கு ஒண்ணும்மா இது. எங்க முசேவுக்கு வருஷத்துக்கு நாலுதான் குடுப்பேன்."

இவள் காலில் விழப் போனாள். மதாம் தடுத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். அதை அவள் என்னிடம் சொல்லப் பல வாரம் ஆனது.

"கொறையிறத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கேட்டா ஒன் மொகம் சுண்டிப்போவும்னு வுட்டுட்டேன். கேட்டிருந்தா எப்படிக் குடிக்கிறதுன்னாவது சொல்லிருப்பனே."

அம்பூலைக் கேட்டு எடுத்தாளா என்று நான் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை. மதாம் மரியாதைக்காகக் கேட்கவில்லை. மூன்று பேரும் நல்லதை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

மதாமே போனில் டாக்டரிடம் காகிதத்தைப் படித்துத் தமிழில் சொன்னார். மஜ்ஜை ஊசி நின்றது. ஆனால் காரணம் தெரிந்ததும் சுலபமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இந்தச் சத்து கொழுப்பில் போய் ஒளிந்துகொள்கிற ஜாதி. குடிப்பதை நிறுத்தினாலும் மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். எலும்பிலிருந்து கால்சியம் இறங்காமல் பூட்டுகிற ஊசி ஒன்று உண்டு, சிறுநீரகம் கெட்டிருப்பதால் அதைத் தாராளமாகப் போட முடியாது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் கேட்கும். ஆனால் தோல் டாக்டரம்மா வார்டுக்கே வந்து, சோரியாசிஸ்காரருக்கு அதைக் கொடுத்து நிறுத்தினால் தோல் வெடிக்கும் என்றார். இரண்டு டாக்டர்களும் என் கட்டில் பக்கத்திலேயே நின்று பேசினார்கள். தோலா, கிட்னியா? என் வீட்டுக்காரி கிட்னி என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, இருந்தாலும் சொன்னாள்.

ஸ்டீராய்டு கொடுத்தார்கள். டயாலிசிஸ் இரண்டு முறை செய்தார்கள். கழுத்துக் குழாயோடு படுத்துக்கொண்டு, ஆயுசுக்கும் வாரம் இரண்டு முறை இங்கேயே வந்து கிடக்க வேண்டும் போலிருக்கிறது, கடல் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த நாளில் செத்துப்போனால் நல்லது என்று நிஜமாகவே விரும்பினேன். வீட்டுக்காரியிடம் சொல்லவும் செய்தேன். அவள் வழக்கம்போல் கஞ்சி ஊட்டினாள். மூன்றாவது டயாலிசிஸுக்கு முன்னால் பையில் சிறுநீர் தானாக ஏறத் தொடங்கியது. கால்சியம் இறங்கியது. புத்தி தெளிந்தது. குழாயை எடுத்தார்கள்.

ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தார்கள். டாக்டரம்மா சொன்னது அப்படியே நடந்தது. ஒரு வாரத்தில் தலை முதல் பாதம் வரை சிவந்து, மேலே சின்னச் சின்னச் சீழ்ப் புள்ளி கிளம்பியது. காய்ச்சல், குளிர். போர்வை பட்டால் தோல் உரிந்து வரும். வாழையிலை விரித்துப் படுக்க வைத்தார்கள். மச்சான் தினம் காலையில் கரைக்கு வந்ததும் குளிக்காமல்கூட ஒரு கட்டு இலை கொண்டுவந்து வார்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். உள்ளே வர மாட்டார். அது அருவருப்பா, வெட்கமா என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் விடுகிற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

இப்போது வீட்டில் இருக்கிறேன். சிறுநீரகம் முழுசாகத் திரும்பவில்லை, ஆனால் டயாலிசிஸ் வேண்டாம் என்கிறார்கள். மாதம் ஒரு முறை ரத்தம் கொடுக்கிறேன். கால்சியம் நிலையாகிற வரை வெயிலில் போகக் கூடாது. பால், தயிர், நெத்திலிக் கருவாடு கூடாது. இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது ஒன்றுதான். என் தோல் சொன்னபடி கேட்ட ஒரே மருந்து அந்தக் களிம்பு. அதுவும் வைட்டமின் டி இனம் என்பதால் இப்போதைக்குத் தொடக் கூடாது. வெளிச்சத்தில் நிறுத்துகிற சிகிச்சையும் அந்தச் சத்தை ஏற்றும் என்பதால் கூடாது. சோரியாசிசுக்கென்று இருக்கிற மாத்திரை சிறுநீரகத்துக்கு ஆகாது. மிச்சம் தார் களிம்பும் தேங்காய் எண்ணெயும்தான். அதைத்தான் அவள் காலையும் மாலையும் முதுகில் தடவுகிறாள். போட்டுக்கு எப்போது திரும்புவேன், திரும்புவேனா என்று தெரியாது. ரொம்ப நொந்துபோய்த்தான் இருக்கிறேன், மறைக்கவில்லை.

பெஞ்சில் இருப்பவர்களே, உங்கள் பையில் என்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். சத்து மாத்திரை, லேகியம், பிரான்ஸ் மருந்து, சொந்தக்காரர் கொடுத்தது, சொல்லாமல் எடுத்தது, எதுவானாலும் சரி.

இதை எழுதும்போது அவளிடம் கேட்டேன். திருட்டு விஷயத்தை எழுதினால் இந்த ஊரில் உனக்குத்தானே கஷ்டம், ஒரு சொந்தக்காரர் கொடுத்தது என்று எழுதிவிடட்டுமா என்றேன். எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

"மறுபடியும் மறைக்கிறதா? நடந்தத எழுதுங்க. எம் பேரயும் போடுங்க."

என் மனைவி பெயர் மல்லிகா.